கடற்கரை ஊர்ப் பிள்ளைகளும் கல்லூரித் தேர்வும்

1844ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தில் இயேசு சபைத் துறவியர் ஒரு கல்லூரியைத் தோற்றுவித்தனர். 1883இல் அது திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்தது. இன்று தூய வளனார் கல்லூரி என்று நாம் அறிவது அதுவே. உயர்கல்வி வேண்டுமாயின் கடற்கரைப் பிள்ளை மேற்கு நோக்கி நடக்க வேண்டும் என்னும் நிலை பின்னும் நெடுங்காலம் நீடித்தது.

இன்றைய நிலை வேறு. சிதம்பரத்தில் 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நடைபெறுகிறது. மன்னம்பந்தலில் 1955இல் ஏ.வி.சி. கல்லூரி எழுந்தது, மேலையூரில் பூம்புகார்க் கல்லூரி உண்டு. திருவாரூரை அடுத்து 2009இல் மத்தியப் பல்கலைக்கழகமும், நாகையில் 2012இல் மீன்வளப் பல்கலைக்கழகமும், 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தன. தனியார் கல்லூரிகளோ பல. ஆகவே, கல்லூரி இல்லையே என்ற கவலை போய், எதனைத் தேர்வது என்ற கவலை வந்துள்ளது. ஒரு மா நிலத்தை ஒத்திக்கு வைத்தும், படகின் பேரில் கடன் வாங்கியும் கட்டும் பணம் அது. தேர்வு பிழைபட்டால் நிலமும் போய்ப் படிப்பும் பயன்படாது நிற்கும்.

பெற்றோர் முதற்கண் உணர வேண்டுவது யாதெனில், கல்லூரித் தேர்வு பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தபின் தொடங்குவதன்று. பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவு எடுக்கும் நாளிலேயே பாதி முடிந்துவிடுகிறது. மீன்வள இளநிலைப் பட்டத்திற்கு இயற்பியல், வேதியியலுடன் உயிரியலும் படித்திருத்தல் வேண்டும். கப்பல் அதிகாரிப் படிப்பிற்கோ கணிதம் இன்றியமையாதது. வணிகவியல் எடுத்த பிள்ளைக்குப் பின்னர் ஆசை பிறந்தும் இவ்விரு வாயில்களும் திறவா. தலைமையாசிரியரைக் கேளாது, பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்த பிரிவையே நம் பிள்ளைக்கும் எடுத்துவிடுவது நம் ஊர்களில் பெருவழக்காயிருக்கிறது.

இன்னொன்று. மதிப்பெண் கூடும் என்று கருதிப் பதினோராம் வகுப்பில் பிள்ளையை அரசுப் பள்ளியினின்று தனியார் பள்ளிக்கு மாற்றுவோர் உளர். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு முடிய அரசுப் பள்ளியிலேயே பயின்றோர்க்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் நூற்றுக்கு 7.5 இடங்களை ஒதுக்கி 2021இல் சட்டம் இயற்றப்பட்டது. மருத்துவத்திற்கு அதற்கு முந்திய ஆண்டே வந்துவிட்டது. அவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்குமென 2021இல் அறிவிக்கப்பட்டது. இரண்டாண்டு மாற்றத்தால் இவ்வுரிமை முழுதும் அற்றுவிடும். 2022 செப்டம்பரில் தொடங்கிய, மாதம் ரூ. 1,000 உதவும் புதுமைப் பெண் திட்டமும் தொடக்கத்தில் அரசுப் பள்ளிப் படிப்பையே அடிப்படையாகக் கொண்டிருந்தது.

நிற்க. கடற்கரையில் தரகர் மிகுதியும் விற்பது கப்பற் படிப்பு. கடலறிந்த குடும்பமாதலின் ஆவலும் இயல்பே. வெண்சீருடை அணிந்த இளைஞன் படத்தை விளம்பரத்தாளில் கண்டதும் மனம் இளகிவிடுகிறது. ஆயினும், மும்பையிலுள்ள மத்திய அரசின் கப்பல் துறைத் தலைமை இயக்குநர் அலுவலகம் ஒப்புதல் அளித்த நிலையத்தில், ஒப்புதல் பெற்ற அதே படிப்பை முடித்தவர்க்கே கப்பலில் உரிய பயிற்சிப் பணி கிட்டும். ஒரு நிலையத்தின் ஒரு படிப்பு ஒப்புதல் பெற்றிருக்க, மற்றொன்று பெறாதிருத்தலும் கூடும். ஆதலின் நிலையத்தின் பெயரை மட்டுமன்றிப் படிப்பின் பெயரையும் அவ்வலுவலகத்தின் பட்டியலில் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அதற்கு முன்னரே கண் பரிசோதனை செய்துகொள்வது நன்று. நிறங்களைப் பிரித்தறிய இயலாதார் கப்பல் அதிகாரியாதல் இயலாது. பணம் கட்டியபின் இது தெரியவரின் யாரை நோவது? 2008இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வே இத்துறையில் புகுவார்க்கு நேர்வழி.

அருகில் உள்ளது நமக்குரியது என்று எண்ணுவதும் பொருந்தாது. நாகைக்கு மிக அண்மையில் காரைக்காலில் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் வேளாண்மைக் கல்லூரியும் இருக்கின்றன. காரைக்காலோ புதுச்சேரி ஆட்சிப் பகுதி. ஆதலின் அங்குச் சொந்த மாநில ஒதுக்கீடு நாகைப் பிள்ளைக்குக் கிடையாது. வெளியாருள் ஒருவனாகவே போட்டியிடுவான். அவனுக்குச் சொந்த மாநிலத் தேசியக் கழகம் திருச்சியிலுள்ளதே. 1883இல் சென்ற வழியே இன்றும்!

பொறியியலுக்குத் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. கணிதம் முழுதாகவும், இயற்பியலும் வேதியியலும் பாதிப்பாதியாகவும் 200க்குக் கணக்கிடுவர். கணிதத்தில் 80, இயற்பியலில் 90, வேதியியலில் 70 பெற்றவனுக்கு 160 ஆகிறது. சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எவ்வகுப்பினர்க்கு எம்மதிப்பெண்ணோடு இடம் முடிந்தது என்பதை இத்துடன் ஒப்பிட்டால் தரகர் சொல்லும் ‘கடைசி இடம்’ எத்துணை உண்மை என்பது விளங்கிவிடும்.

செலவைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்டு மகிழாமல், அனைத்தாண்டுக் கட்டணம், பேருந்து, விடுதி, தேர்வுக் கட்டணம் யாவற்றையும் எழுத்தில் பெறுக. அரசு நலத்துறை விடுதி அவ்வூரில் உண்டா என்றும் விசாரிக்க.

பஞ்சாயத்து இதில் செய்யக்கூடியது சிறிதன்று. மே 1ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவும் பெரும்பாலும் அந்நாட்களையொட்டியே வெளிவருகிறது. அன்று தலைமையாசிரியரையும் கிராம நிர்வாக அலுவலரையும் அழைத்து, ஊரில் தேர்வெழுதிய பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று உண்டா எனப் பார்க்கலாம். முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவர்க்கே உரியது. அண்ணன் தொழிற்படிப்பும் தங்கை கலைப்படிப்பும் நாடினால், கட்டணம் மிகுந்த படிப்புக்கு அதைப் பயன்படுத்துவதே அறிவுடைமை.

மூலச் சான்றிதழ்களைக் கல்லூரியார் தம்மிடமே வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்தது. சரிபார்த்தவுடன் திருப்பித் தருதல் வேண்டும். கொடுக்க மறுக்கும் இடத்தில், வேறு நல்ல இடம் கிடைத்த பிள்ளையும் வெளியேற முடியாமல் தவிக்கும். ஆகவே சேர்க்கைக்குச் செல்லும் பெற்றோருடன் எழுதப் படிக்க வல்ல ஓர் உறுப்பினர் துணையாகச் செல்வதும், பணத்திற்கு உரிய ரசீதையும் மூலச் சான்றுகளையும் கையோடு வாங்கி வருவதும் நன்று.