நீச்சல் குள பம்ப் முதல் நம்ம வீட்டு ஃபேன் வரை: வேரியபிள் ஸ்பீட் மோட்டாரால் யாருக்கு லாபம்?

"பழைய மோட்டாரைத் தூக்கிட்டு வேரியபிள் ஸ்பீட் மோட்டார் போட்டா கரண்ட் பில் பாதியாகும்"னு நிறைய வீடியோ பார்த்திருப்பீங்க. அதில் பெரும்பாலானவை அமெரிக்க வீட்டு நீச்சல் குளங்களைப் பற்றியவை. தாராசுரத்தில் இருக்கும் உங்க அப்பா அம்மா வீட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்துமா? வாங்க, பேப்பரும் பேனாவுமா பார்ப்போம்.

குளத்தில் ஏன் லாபம்?

குளத்து பம்ப் தண்ணீரை மேலே ஏற்றுவதில்லை. ஃபில்டர் வழியாகச் சுற்றி விடுகிறது, அவ்வளவுதான். இப்படிச் சுற்றிவிடும் வேலையில் ஒரு விதி உண்டு. வேகம் பாதியானால் தண்ணீரும் பாதியாகும், ஆனால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

1,000 வாட் பம்ப் தினமும் 8 மணி நேரம் ஓடினால் 8 யூனிட். பாதி வேகத்தில் அதே தண்ணீரைச் சுற்ற 16 மணி நேரம் ஆகும். ஆனால் 125 வாட்தான் என்பதால் 2 யூனிட்டில் வேலை முடியும். இது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் மிச்சம் கொஞ்சம் குறையும். இருந்தாலும் பெரிய மிச்சம்தான். அதனால்தான் அமெரிக்காவில் 2021 ஜூலை முதல் புதிய குளத்து பம்புகளுக்குக் கடுமையான மின்சிக்கன விதி வந்தது.

மொட்டை மாடி டேங்க் மோட்டாருக்கு?

இங்கே கதை வேற. தண்ணீரை உயரத்துக்குத் தூக்கியே ஆகணும். வேகத்தை ரொம்பக் குறைத்தால் தண்ணீர் டேங்குக்கே போய்ச் சேராது. ஓடும் நேரமும் குறைவு: ஒரு கிலோவாட் இழுக்கும் மோட்டார் தினம் 40 நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு மொத்தமே 40 யூனிட். அதில் எவ்வளவு மிச்சம் பிடிச்சிட முடியும்?

இன்னொரு விஷயம். கெப்பாசிட்டர் வைத்த சாதாரண சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி எதையாவது மாட்டி வேகத்தைக் குறைக்கப் பார்க்காதீங்க. காயில் சூடாகி எரிஞ்சிடும்.

டேங்க் நிரம்பி தினம் 10 நிமிடம் வழிந்தால் இரண்டு மாதத்தில் 10 யூனிட் வீண். அதற்கு ஒரு ஆட்டோமேட்டிக் சுவிட்ச் போதும்.

நம்ம வீட்டு "குளத்து பம்ப்" ஃபேன்தான்

மணிக்கணக்கில் ஓடுவது, எதையும் தூக்காமல் காற்றைச் சுற்றிவிடுவது என்று பார்த்தால் நம்ம வீட்டில் அது சீலிங் ஃபேன். பழைய ஃபேன் ஃபுல் ஸ்பீடில் சுமார் 75 வாட். பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். தினம் 14 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 38 யூனிட் மிச்சம்.

சரி, 38 யூனிட்டுக்கு எத்தனை ரூபாய்? இங்கேதான் நிறைய பேர் சராசரி விலையைப் போட்டுக் கோட்டை விடுறாங்க. 2022 செப்டம்பர் 10 முதல் வந்த கட்டணத்தையே உதாரணமாக எடுக்கிறேன். பிறகு விலை ஏறியிருக்கிறது. உங்க பில்லில் உள்ள விலையைப் போட்டுக்குங்க. ஃபேன் விலை 3,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம்.

- வீடு 1: 130 யூனிட். முதல் 100 இலவசம், மீதி 30-க்கு 2.25 வீதம் 67.50 ரூபாய். ஃபேன் மாற்றினால் 92 யூனிட், பில் பூஜ்யம். மிச்சம் 67.50. போட்ட பணம் திரும்ப 7 வருஷத்துக்கு மேல்.

- வீடு 2: 380 யூனிட். பில் 1,035 ரூபாய். 342 ஆனால் 864 ரூபாய். மிச்சம் 171. பணம் திரும்ப சுமார் 3 வருஷம்.

- வீடு 3: 530 யூனிட். பில் 2,190 ரூபாய். 492 ஆனால் 1,677 ரூபாய். மிச்சம் 513! ஒரே வருஷத்தில் பணம் கைக்கு வந்திடும்.

ஃபேன் ஒண்ணுதான், மிச்சமான யூனிட்டும் ஒண்ணுதான். வீடு 3-ல் மட்டும் ஏன் இவ்வளவு? 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான 2.25 ரூபாய் சலுகை போய், அதற்கும் 4.50 ஆகிவிடும். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501-க்கு 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

வருஷம் முழுக்க ஃபேன் 14 மணி நேரம் ஓடாது. ஐப்பசி, மார்கழியில் மிச்சம் குறையும். அதனால் கோடைக்கால பில், மழைக்கால பில் இரண்டையும் வைத்துக் கணக்குப் போடுங்க.

மிச்சம் யாருக்குப் போகுது?

தாராசுரத்தில் பட்டுத்தறி ஓடும் வீடுகள் உண்டு. கைத்தறி நெசவாளர்களுக்கான இலவச மின்சாரம் 2023-ல் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டிலிருந்து 300 ஆனது. தறி இணைப்பில் 300-க்குள் இருந்தால், அங்கே மாற்றும் ஃபேனால் உங்க பாக்கெட்டுக்கு ஒரு ரூபாயும் வராது. வயல் பம்ப்செட்டும் அப்படித்தான். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டார் செலவு விவசாயியோடது, மிச்சம் மின்வாரியத்தோடது. வாடகை வீட்டில் ஓனர் யூனிட்டுக்கு ஒரே ரேட் வாங்கினால், 38-ஐ அந்த ரேட்டால் பெருக்கினால் போதும்.

சம்பளக்காரர்கள் இந்தச் செலவைக் காட்டி வருமான வரியில் கழிக்கவும் முடியாது. ஆகவே பில்லில் குறைவது மட்டுமே லாபம்.

நீங்களே மாட்டுவதாக இருந்தால்

1. ரூம் சுவிட்ச் மட்டும் போதாது, மெயினையே ஆஃப் பண்ணுங்க. டெஸ்டர் வைத்துப் பாருங்க.
2. ரிமோட் மாடலுக்குப் பொதுவாகப் பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேரடி இணைப்பு தரணும். கையேட்டைப் படியுங்க.
3. எர்த் வயரையும் ஸ்பிளிட் பின்னையும் மறக்காதீங்க. ஏணியைப் பிடிக்க ஒருவர் கட்டாயம் வேணும்.
4. தண்ணீர் பம்ப் வயரிங் என்றால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. அந்தக் கூலியை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எல்லா ஃபேனையும் ஒரே நாளில் இஎம்ஐ-யில் மாற்ற வேண்டாம். அதிக நேரம் ஓடும் ஒரு ஃபேனை முதலில் மாற்றுங்க. அடுத்த பில் வந்ததும் யூனிட்டை ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டாவதை முடிவு பண்ணுங்க. உங்க கடைசி ஆறு பில்லில் எத்தனை 500-ஐத் தாண்டியிருக்குன்னு கமெண்ட்டில் சொல்லுங்க.