பிசிஎல்11ஏ படிக்க வரும் பிள்ளைகளுக்கு

திருவண்ணாமலையில் உயிரியல் முடித்து ஆராய்ச்சிக்குக் கிளம்பும் பிள்ளைகள், "எந்த மரபணுவிலிருந்து தொடங்கலாம் சார்?" என்று கேட்பார்கள். நான் பிசிஎல்11ஏ என்பேன். மனிதரின் 2-ஆம் குரோமோசோமில் உள்ள இது, துத்தநாக விரல் கொண்ட ஒரு புரதத்துக்கான மரபணு. அரிவாள் செல் ரத்தசோகைக்கும் தலசீமியாவுக்கும் சிகிச்சை தேடுகிறவர்கள் இதைத் தாண்டிப் போக முடியாது. நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் இருப்பது 1952-லேயே தெரியவந்தது. ஆக, இது நம் ஊர்ப் பிரச்சினையும்தான்.

1. முதலில் பென்சிலை எடுங்கள். புரத வரிசையை அச்செடுத்து, அருகருகே இரண்டு சிஸ்டீன், அப்புறம் 12 எழுத்து தள்ளி இரண்டு ஹிஸ்டிடின் வரும் இடங்களை வட்டமிடுங்கள். அந்த நான்கும் சேர்ந்து ஒரு துத்தநாக அயனியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் சுமார் 30 அமினோ அமிலங்கள் விரலாக மடிந்து டிஎன்ஏவைப் பற்றும். 1985-இல் ஆரோன் க்ளூக் குழு தவளைப் புரதம் ஒன்றில் இதைக் கண்டுசொன்னது. மென்பொருள் நொடியில் காட்டிவிடும். கையால் தேடியது மறக்காது.

2. பழைய பெயர்களையும் குறித்துவையுங்கள். இவி9, சிடிஐபி1 என்று தேடாவிட்டால் பாதிக் கட்டுரைகள் கண்ணில் படாது. எக்செல்லையும் நம்பாதீர்கள். மார்ச்1 என்ற மரபணுவை அது தேதியாக்கிவிடும். இந்தத் தொல்லையால் 2020-இல் சில மரபணுக்களுக்குப் பெயரையே மாற்றினார்கள்.

3. மரபணு என்ன செய்கிறது என்பதோடு எதைத் தடுக்கிறது என்றும் கேளுங்கள். பிறந்த குழந்தையின் ரத்தத்தில் கரு ஹீமோகுளோபின்தான் அதிகம். அது இருக்கும் வரை அரிவாள் செல் நோய் தலைகாட்டாது. சில மாதங்களில் அதன் உற்பத்தியை அடக்கிவிடுவது பிசிஎல்11ஏ. ஆர்கின் என்ற ஆய்வாளரின் ஆய்வகத்தில் விஜய் சங்கரன் முதலியோர் 2008-இல் இதை நிறுவினார்கள்.

4. எந்தத் திசுவில் என்று கேட்காமல் நகராதீர்கள். இதே மரபணு மூளைக்கும் வேண்டும். ஒரு பிரதி பழுதானாலே அறிவு வளர்ச்சி பாதிக்கப்படும். அதனால்தான் 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அரிவாள் செல் நோய்க்கு அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சை, நோயாளியின் ரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, சிவப்பணுவில் மட்டும் இந்த மரபணுவை முடுக்கும் சிறு பகுதியை வெட்டுகிறது. புரதத்துக்கான பகுதியில் கை வைப்பதில்லை. என்னிடம் படித்தவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

5. ஜவ்வாது மலைக்கு அரிவாள் செல் சோதனைக்காக ரத்த மாதிரி எடுக்கப் போனால், ஊசிக்கு முன்னால் விளக்கம் வரட்டும். ஹீமோகுளோபின் மரபணுவின் ஒரு பிரதியில் மட்டும் அரிவாள் செல் குறை உள்ளவர் நோயாளி அல்ல என்பதைப் புரியும்படி சொல்லுங்கள். முடிவை அவரிடம் மட்டும் கொடுங்கள். ஊர்வாயில் விழுந்தால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும்.

6. விலையையும் பாடமாகப் படியுங்கள். காஸ்ஜெவிக்கு அமெரிக்காவில் குறித்த விலை 22 லட்சம் டாலர். இங்கிருந்து 80 கிலோமீட்டரில் இருக்கும் வேலூர் சிஎம்சி, ஹீமோபிலியா நோயாளிகள் 5 பேருக்கு மரபணு சிகிச்சை அளித்து 2024-இல் முடிவை வெளியிட்டது. ஆக, நம் பக்கத்திலேயே இது நடக்கும். நம் மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் நடத்துவது உங்கள் தலைமுறையின் வேலை, அதற்காகப் படியுங்கள்.