எழுத்து ரெண்டா தெரியுற காசு: பணம் கட்டுறதுக்கு முன்னாடி லென்ஸ் எடுங்க!

1955 அமெரிக்க லிங்கன் சென்ட்ல ஒரு ரகம் இருக்கு. முன்பக்கம் வருஷமும் எழுத்தும் வெறும் கண்ணுக்கே ரெண்டா தெரியும். விலை ஆயிரம் டாலருக்கு மேல. இதைக் காட்டித்தான் சாதாரண காசையும் "அபூர்வம்"னு நம்ம தலையில கட்டப் பார்ப்பாங்க.

டபுள்டு டை: தப்பு அச்சிலேயே இருக்கு. அச்சு தயாரிக்கும்போது மூல உருவத்தை ஒரு தடவைக்கு மேல அழுத்தினாங்க. அடுத்த தடவை கொஞ்சம் விலகிடுச்சு. அதனால அந்த அச்சில் அடித்த எல்லா காசுலயும் அதே இரட்டிப்பு வரும்.

மெக்கானிக்கல் டபுளிங்: அச்சு சரி. காசு அடிக்கும் நொடியில அது ஆடி, எழுத்தின் ஓரத்தை நசுக்கிடுது. சேகரிப்பவர்கள் இதுக்குக் கூடுதல் விலை தர்றதில்ல.

10 மடங்கு லென்ஸ்ல பாருங்க. ரெண்டாவது எழுத்தும் உருண்டு மேடா, முனையில பிளவோட, எழுத்து தடிப்பா இருந்தா டபுள்டு டை. படிக்கட்டு மாதிரி தட்டையா, எழுத்து மெலிஞ்சிருந்தா மெக்கானிக்கல்.

பில் இல்லாத செலவை நான் ஒத்துக்கிறதில்ல. தெளிவான க்ளோஸ்-அப் போட்டோ இல்லாத காசை நீங்களும் ஒத்துக்காதீங்க!