வீட்டோடு சேர்த்துப் பார்

அன்புள்ள தங்கைக்கு,

பிஎச்.டி.க்கு ஓய்க்கோப்ளூராவை எடுத்துக்கொள்ளப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். கோப்பிபாட் எடுத்தால் காலத்தோடு முடித்துவிடலாமே என்று சொன்னவர்களும் உன் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார்கள். கோப்பிபாடுக்குக் கெட்டியான மேலோடு உண்டு. வலையில் இழுத்து, ஃபார்மலின் ஊற்றி, பல வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் கண்ணும் காலும் உணர்கொம்பும் இருந்த இடத்தில் இருக்கும். ஓய்க்கோப்ளூரா அப்படிப்பட்ட ஜீவன் இல்லை. குடுவைகளில் நீ இதுவரை பார்த்ததெல்லாம் அதில் பாதிதான். மீதிப் பாதி வலையிலேயே கிழிந்து கடலோடு போயிருக்கும். அந்த மீதியைப் பற்றித்தான் உனக்கு எழுத நினைத்தேன்.

ஓய்க்கோப்ளூரா டையாய்க்காவின் உடல் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். வால் அதைவிடப் பல மடங்கு நீளம்; நடுவே முதுகுநாண் ஓடும். இதன் உறவுக்காரர்களான அசிடியன்கள் இளம்பருவத்தில் மட்டும் வாலோடு நீந்தி, பிறகு பாறையில் ஒட்டிக்கொண்டு வாலைக் கரைத்துவிடுகின்றன. இது சாகும்வரை வாலை விடுவதில்லை. உடல்தோல் சுரக்கும் பொருளால் தன்னைச் சுற்றி மிளகளவில் ஒரு வீடு கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே வாழ்கிறது. செல்லுலோஸும் புரதங்களும் கலந்து ஆன வீடு அது. விலங்குகளில் செல்லுலோஸ் செய்யத் தெரிந்தவை, இதுவும் அசிடியன்களும் சேர்ந்த டியூனிக்கேட்டுகள் மட்டுமே. அதற்கான மரபணு அவற்றின் மூதாதைக்கு ஒரு பாக்டீரியாவிடமிருந்து வந்தது.

வீட்டுக்குள் வால் அலையலையாக அடிக்கும்போது வெளியிலிருந்து நீர் உள்ளே வரும். நுழைவாயில்களில் உள்ள முதல் வடிகட்டி பெரிய துகள்களைத் தடுத்துவிடும். உள்ளே வந்த நீரை வால் இரண்டாம் வடிகட்டிக்குத் தள்ளும். அங்கே நீர் கசிந்து வெளியேற, துகள்கள் செறிந்து வாய்க்கு வந்துசேரும். வாய்க்குள் மூன்றாவதாக ஒரு சளிவலை அவற்றைப் பிடித்து விழுங்கவைக்கும். இந்த ஏற்பாட்டில் 0.2 மைக்ரான் துகள்கூட மாட்டும், பாக்டீரியாவும் தப்பாது. படகிலிருந்து நாம் வழக்கமாக இழுக்கும் வலையின் கண் 200 மைக்ரான்.

வடிகட்டி அடைத்துக்கொண்டால் ஓய்க்கோப்ளூரா அதைச் சுத்தம் செய்துகொண்டிருக்காது. வீட்டையே விட்டு வெளியேறிவிடும். அடுத்த வீடு ஏற்கெனவே மெல்லிய படலமாக உடல்மேல் ஒட்டியிருக்கும். தலையை ஆட்டி ஆட்டி அதை உப்பவைத்து, வாலை உள்ளே நுழைத்துச் சில நிமிடங்களில் குடியேறிவிடும். ஒரே நாளில் இப்படிப் பல வீடுகள் மாறும்.

இதை முதலில் உன் கண்ணால் பார். மற்ற வேலையெல்லாம் அப்புறம். காற்றில்லாத காலையில் வாளியை மெதுவாக நீருக்குள் சாய்த்து மொண்டால் போதும். வலைதான் வேண்டுமென்றால், கடைசியில் நீர் வடியாத பெரிய குடுவையைக் கட்டி, மிக மெதுவாக இழு. பிப்பெட்டின் வாய் அகலமாக இருக்கட்டும். விலங்கை உறிஞ்சாதே, நீரோடு சேர்ந்து அதுவே உள்ளே வரட்டும். நீருக்கு அடியிலேயே வெளியே விடு. காற்றுக்குமிழி வீட்டுக்குள் சிக்கினால் கதை முடிந்தது. அதனால் தொட்டியில் காற்றுக்கல் போடும் பழக்கத்தை இங்கே விட்டுவிடு. வளர்ப்பவர்கள் மெதுவாகச் சுற்றும் துடுப்பு வைத்துத்தான் நீரை அசைக்கிறார்கள். ஐசோக்ரைசிஸ், கீட்டோசெரஸ் பாசிகளைக் கொடுக்கலாம். அள்ளிக் கொட்டிவிடாதே, வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

பார்ப்பதற்குக் கறுப்புப் பின்னணியும் பக்கவாட்டு வெளிச்சமும் வேண்டும். அப்போதும் வீடு தெரியாது. கண்ணாடியைவிடத் தெளிவு அது. துளி கார்மின் தூளை நீரில் கலந்து அருகே விடு. சிவப்புத் துகள்கள் நுழைவாயிலை நோக்கி இழுபடும், உள்வடிகட்டியின் வரிகள் ஒவ்வொன்றாக நிறமேறும், கடைசியில் வாயருகே ஒரு சிவப்புக் கோடு ஓடும். வால் நின்றால் எல்லாம் நிற்கும். எந்தப் படமும் உனக்கு இதைக் கற்றுத் தராது.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இந்த விலங்கின் ஆராய்ச்சி வரலாறே கருவிகள் தவறவிட்டதன் வரலாறுதான். கடலின் மிதவைத் தாவரங்களை நுண்ணிய பட்டு வலையால் அள்ளி எண்ணிய காலத்தில், ஜெர்மனியின் ஹான்ஸ் லோமான் இவற்றின் வடிகட்டிகளைப் பிரித்துப் பார்த்தார். எந்தப் பட்டு வலையிலும் நிற்காத பொடி உயிர்கள் அங்கே குவிந்திருந்தன. பிறகு கடல்நீரை மையவிலக்கில் சுற்றி அவற்றை எண்ணினார். 1911இல் அவற்றுக்கு நானோபிளாங்டன் என்று பெயர் வைத்தார். தன் வலையைவிட ஒரு புழுவளவு ஜீவனின் வலை மேலானது என்று ஒப்புக்கொண்டதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

1972இல் ஆலிஸ் ஆல்ட்ரெட்ஜ், கழற்றிவிட்ட வீடுகள் நடுக்கடலில் மற்ற உயிர்களுக்கு உணவாவதைக் காட்டினார். தண்ணீருக்குள் இறங்கிக் கண்ணால் பார்த்தவர் என்பதால் அவருக்கு அது கிடைத்தது. கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் ஓய்க்கோப்ளூராவின் ராட்சச உறவான பேத்தோகோர்டியஸ் வாழ்கிறது. வீடு ஒரு மீட்டர் அகலம்கூட வரும். அது கைவிடும் வீடுகள் சுருங்கி வேகமாக ஆழத்துக்கு இறங்கி, கார்பனைக் கீழே கொண்டுபோகின்றன. ஆழத்தில் வைக்கும் படிவுப் பொறிகளில் இவை சரியாகப் பதிவாவதில்லை. ஆளில்லாக் கலத்தின் கேமராவில் பார்த்து எண்ணிய புரூஸ் ராபிசன் குழு 2005இல் அந்தக் கணக்கை வெளியிட்டது. 2017இல் ராபிசன் இருந்த அதே ஆராய்ச்சி நிறுவனத்தின் ககானி கட்டிஜா குழு, லேசர் ஒளித்தாளை அந்த வீட்டுக்குள் பாய்ச்சி நீரோட்டத்தை அளந்தது. ஒரு விலங்கு மணிக்கு 76 லிட்டர் வரை வடிகட்டுகிறது. இந்த விலங்கைப் பிடித்து வந்து அளந்திருந்தால் இந்த எண் கிடைத்திருக்காது.

இனி மரபணுப் பக்கம் வருகிறேன். உன்னை அதற்குத்தான் இழுப்பார்கள், இழுப்பதிலும் நியாயம் இருக்கிறது. டையாய்க்காவின் மரபணுத் தொகுதி சுமார் 70 மெகாபேஸ்தான். முதுகுநாணிகளில் மிகச் சிறியவற்றில் ஒன்று. ஹாக்ஸ் மரபணுக்கள் மற்றப் பல விலங்குகளில் கூட்டமாக இருக்கும், இங்கே சிதறிக் கிடக்கின்றன. வெப்பம் 20 டிகிரியில் இருந்தால் ஏறத்தாழ 5 நாளில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். பெண் தன் உடலைப் பிளந்து முட்டைகளை விட்டுவிட்டு இறந்துபோகும். பரிசோதனைக்கு இதைவிட வசதி ஏது?

ஆனால் இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒகினாவா, ஒசாகா, பார்சிலோனா ஆகிய இடங்களின் டையாய்க்காக்களைத் தொகுதி தொகுதியாக ஒப்பிட்டு 2024இல் ஓர் ஆய்வு வந்தது. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவை, மரபணு வரிசையில் தலைகீழாகக் கலைந்திருந்தன. தனித்தனி இனங்களாகவே கருத வேண்டிய அளவு. ஆகவே நம் கரையில் பிடிப்பதற்கு அவசரப்பட்டுச் சீட்டு ஒட்டாதே. ஆணும் பெண்ணும் தனித்தனியாக இருக்கிறதா பார். இந்தக் குடும்பத்தில் மற்றவை இருபாலிகள். வாலில் முதுகுநாணின் அருகே தனித்துத் தெரியும் 2 செல்களைத் தேடு. இரண்டும் பொருந்தினால் பழைய நூல்களின்படி டையாய்க்கா. அப்போதும் சில உடல்களை எத்தனாலில் தனியே போட்டு, நாளும் இடமும் எழுதி வை. பிற்பாடு அந்தப் பெயரைச் சரிபார்க்க அதுதான் உதவும்.

குடுவையை வெறுக்கச் சொல்லவில்லை. பருவத்துக்குப் பருவம் எண்ணிக்கை எப்படி ஏறி இறங்குகிறது என்பதற்கு ஃபார்மலின் மாதிரிகளை விட்டால் வழியில்லை. ஆனால் அந்த எண்ணிக்கை உடல்களின் எண்ணிக்கை. வீடுகள் அதில் வராது, 200 மைக்ரான் கண்ணில் நழுவும் குஞ்சுகளும் வராது. அதனால் ஆய்வேட்டில் முறைகள் அத்தியாயம் எழுதும்போது வலையின் கண்ணளவைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதே. இந்த வலை எதையெல்லாம் தவறவிட்டது, அதைப் பிடிக்க நான் வேறென்ன செய்தேன் என்று ஒரு பத்தி சேர். வைவாவில் அந்தப் பத்தியைத்தான் குடைவார்கள். குடையட்டும். கார்மின் துகள் ஓடியதை நேரில் பார்த்தவளுக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருக்காது.

அன்புடன்,
உனக்கு முன்னே இந்தத் துறைக்கு வந்த அண்ணன்