மல்லி ஓயும் மாதங்களிலும் பூ

பங்குனி, சித்திரையில் மல்லிச்செடி உள்ள எந்த வீடும் மணக்கும். கார்த்திகை பிறந்ததும் அதே செடி மொக்கு வைப்பதைக் குறைத்துவிடும். கடையில் பூ விலை ஏறும் நேரமும் அதுதான். ஆண்டு முழுவதும் வீட்டுப் பூ வேண்டுமென்றால், நர்சரிக்குக் கிளம்பும் முன் பன்னிரண்டு மாதங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். இப்போது உங்களிடம் உள்ள செடிகள் எந்தெந்த மாதம் பூக்கின்றன என்று குறியுங்கள். காலியாக நிற்கும் மாதங்களுக்குத்தான் செடி வாங்க வேண்டும். நர்சரியில் பூத்து நிற்பதைப் பார்த்து வாங்கினால், ஒரே பருவத்துச் செடிகளே வீடு முழுக்கச் சேரும்.

இங்கே சொல்வதெல்லாம் தமிழகச் சமவெளிக்கு. ஊட்டி, கொடைக்கானல் கணக்கு வேறு.

அடுத்து இடம். நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழும் பக்கத்தை மல்லிக்கும் ரோஜாவுக்கும் ஒதுக்குங்கள். அரை நிழல் பக்கம் கனகாம்பரத்துக்கும் நந்தியாவட்டைக்கும் போதும். தொட்டியானால் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவு கலந்து நிரப்புங்கள். அடியில் தண்ணீர் வடியாத தொட்டியில் எந்தப் பூச்செடியும் நிலைக்காது.

இப்போது ஓயாமல் பூக்கும் செடிகளை வையுங்கள். செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ மூன்றும் பூசைக்குத் தினமும் பூ தரும். அரளியும் அப்படித்தான், ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. சிறு குழந்தைகளும் ஆடு மாடும் உள்ள வீட்டில் அது வேண்டாம். கனகாம்பரம் கனமழை நாட்கள் தவிர ஆண்டு முழுக்கப் பூக்கும். பூத்து முடிந்த கதிர்களைக் கிள்ளிவிட்டால் புதுக்கதிர் வரும். டெல்லி கனகாம்பரம் விதை தராது, குச்சி நட்டுத்தான் பெருக்க வேண்டும். வேரில் முடிச்சு விழுந்து செடிகள் வாடினால் நூற்புழு வந்துவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் மறுபடி கனகாம்பரம் வைக்காமல், ஒரு பருவம் துலுக்கச் சாமந்தி போடுங்கள். அதன் வேர் நூற்புழுவைக் கட்டுப்படுத்தும்.

இனி அந்தக் காலி மாதங்கள். இந்த இடத்தில்தான் முன்யோசனை வேண்டும். கார்த்திகையில் பூ வேண்டுமென்றால் ஆடிக்குள் செவ்வந்திக் கன்று மண்ணில் இருக்க வேண்டும். நட்ட நான்காம் வாரம் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை பிரிந்து பூ கூடும். செவ்வந்தி, இரவு நீளும்போதுதான் மொக்கு வைக்கும் செடி. தெருவிளக்கோ வாசல் விளக்கோ விடிய விடிய அதன் மேல் விழுந்தால், உரம் எவ்வளவு போட்டாலும் இலையாகவே வளரும். பலரும் செடி மலடு என்று பிடுங்கிப் போடுகிறார்கள். அதை இருட்டான மூலைக்கு மாற்றினாலே போதும்.

டிசம்பர் பூவுக்கு மணம் இல்லை. ஆனாலும் ஊதாவும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நவம்பரிலிருந்து சனவரி வரை அது பூத்துக் குலுங்கும்போது மார்கழிக் காலைக்கு வேறு பூ தேட வேண்டாம். ஆடியில் குச்சி நட்டால் பிழைத்துக்கொள்ளும். பூ முடிந்ததும் தையில் வெட்டிவிடுங்கள். மணமும் வேண்டுமென்றால், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 நட்சத்திர மல்லிகையை ஒரு செடியாவது வையுங்கள். குண்டுமல்லி ஓய்ந்திருக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் அது மொக்கு தரும்.

கவாத்துக்கு மனம் இரங்கக் கூடாது. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, தூரைச் சுற்றிக் கொத்தி, ஒரு கூடை தொழுவுரம் இட்டுத் தண்ணீர் விடுங்கள். பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு சனவரி கடைசி. மூன்றையும் ஒரே நாளில் வெட்டிவிட்டால் தோட்டம் மொத்தமாக மொட்டையாகிவிடும்.

இடைவெளிகளை நிரப்பத் துலுக்கச் சாமந்தி. விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கும். எல்லா விதையையும் ஒரேயடியாகத் தூவாமல் மாதம் ஒரு பிடி தூவுங்கள். புரட்டாசி மழை தொடங்கும் முன் நாற்று பிடித்துக்கொண்டால் நல்லது.

கோடைக்குக் காகிதப்பூ. தண்ணீரைக் குறைத்தால்தான் அது பூக்கும். மற்ற தொட்டிகளோடு சேர்த்து அதற்கும் தினம் ஊற்றாதீர்கள். மேசை ரோஜாவுக்கு மொட்டை மாடி வெயிலே போதும்.

பூக்கத் தொடங்கிய பிறகு கண் எப்போதும் மொக்கில் இருக்கட்டும். மல்லி மொக்கு ஊதாவாக மாறித் துளை தெரிந்தால் மொக்குப்புழு. அந்த மொக்குகளைப் பறித்து அழித்துவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். இலை நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. உப்புத் தண்ணீர் விடும் வீடுகளில் அதிகம் வரும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து இலை நனையத் தெளித்து, தளிர் பச்சையாக வரும்வரை மாதம் ஒருமுறை தொடருங்கள்.