ஆற்று முகத்துச் சிறுமீன்

ராசா வட்டாரத் தோட்டங்களில் பெய்யும் மழைநீர் சிற்றோடைகளின் வழியே சிலாங்கூர் ஆற்றைச் சென்றடைகின்றது. தித்திவாங்சா மலைத்தொடரில் பிறக்கும் அவ்வாறு, கோலகுபு பாரு, பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களைக் கடந்து, கோலசிலாங்கூரில் மலாக்கா நீரிணையுடன் கலக்கின்றது. இத்தகைய ஆற்று முகங்களில் வாழும் சிறு மீன் ஒன்றைப் பற்றி இங்கு அறிந்துகொள்வோம்.

மலாய்க்காரர் இதனைச் செலாங்காட் என்றும் கெபாசி என்றும் அழைப்பர். இது சாளை மீனின் உறவினமாகும். 1822ஆம் ஆண்டில் பிரான்சிஸ் ஹாமில்டன் என்னும் மருத்துவர், கங்கையாற்று மீன்களைப் பற்றிய தமது நூலில் இதனை முதன்முதலாக விவரித்தார். இந்தியா முதல் பாப்புவா நியூகினி வரையுள்ள கரையோரங்களில் இது காணப்படுகின்றது.

உடலமைப்பு

இம்மீன் பெரும்பாலும் 14 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். வெள்ளிபோல் மின்னும் தட்டையான உடலும், செவுளுக்குப் பின்னே ஒரு கரும்புள்ளியும் இதன் அடையாளங்கள். அடிவயிற்றுச் செதில்கள் அரம்போல் கூர்மையானவை. இதன் அறிவியற்பெயரின் முதற்பகுதிக்குப் 'பல்லில்லா வாய்' என்பது பொருள்.

பல்லில்லாத மீன் எவ்வாறு உண்ணும்? இதன் செவுளில் சீப்புப்போன்ற நுண்ணிய முட்கள் நெருங்கியுள்ளன. அவை நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்பாசிகளையும் சிற்றுயிர்களையும் பிடித்துக்கொள்கின்றன. கோழிக்கு இருப்பதைப் போன்ற தசைப்பற்றுள்ள அரைவைப்பை இதற்கும் உண்டு. பல் செய்யவேண்டிய வேலையை அதுவே செய்கின்றது.

வாழுமிடம்

ஆற்று முகத்தில் உப்புநீர் கனமானதாகையால் அடியிலும், நன்னீர் மேலிலும் நிற்கும். கடல் ஏறும்போதும் வற்றும்போதும் நீரின் உப்பளவு மாறிக்கொண்டே இருக்கும். இம்மாறுதலைத் தாங்கும் ஆற்றல் செலாங்காட்டிற்கு உண்டு. கண்டல் மரங்களின் உதிர்ந்த இலைகள் மக்கிச் சேற்றை வளப்படுத்துகின்றன. அவ்வளத்தால் பெருகும் நுண்ணுயிர்களை உண்டு சிறுமீன்கள் வளர்கின்றன. அவற்றைப் பெரிய மீன்களும் கொக்கு, நாரைகளும் உண்கின்றன. 1987ஆம் ஆண்டில் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா அமைந்தபோது அங்குள்ள கண்டல் காட்டின் ஒரு பகுதி பாதுகாப்புப் பெற்றது.

நமக்கும் மீனுக்கும் உள்ள தொடர்பு

ரப்பர்ப் பாலை அமிலமிட்டு உறையவைத்தபின் எஞ்சும் நீரில் புரதமும் சர்க்கரையும் உள்ளன. அந்நீர் ஓடையில் கலந்தால், அவற்றை அழுகச்செய்யும் நுண்ணுயிர்கள் பெருகி, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடுகின்றன. மீன்கள் மூச்சுத் திணறி மடிகின்றன. இதனாலேயே, 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 1978இல் ரப்பர் ஆலைகளுக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. ஆலைகள் உரிமம் பெறுதல் வேண்டும். கழிவுநீரை உரிய அளவிற்குத் தூய்மைப்படுத்திய பின்னரே வெளியேற்றுதல் வேண்டும்.

ஆலைக்கு விதியுண்டு, ஆயினும் ஓடைக்கரையில் நிற்பவர் தொழிலாளரே ஆவர். பாலை உறையவைக்கும் தட்டுகளைக் கழுவிய நீரையும் எஞ்சிய அமிலத்தையும் ஓடையில் ஊற்றுதல் கூடாது. களைக்கொல்லி தெளித்த பம்பை அங்கே அலம்புதலும் ஆகாது. காலிப் புட்டிகளை நீரில் எறிதல் பெருந்தவறாகும்.

செலாங்காட் நீரை வடிகட்டியே உயிர் வாழ்கின்றது. ஆகவே மேலே தோட்டத்தில் நாம் ஓடையில் விடுவது, கீழே கோலசிலாங்கூரில் அதன் செவுளைச் சென்று சேரும். பின்னர் அதுவே சந்தை வழியாக நம் சமையற்கட்டிற்கும் திரும்பி வரலாம். ஓடையைத் தூய்மையாக வைத்திருப்பது மீனுக்கு மட்டுமன்று, நமக்கும் நன்மை பயப்பதாகும்.