ஒளி மிகுவது எவ்விளக்கு?

டங்ஸ்டன் இழை கொண்ட குண்டு பல்புகள் இரண்டு. ஒன்று 40 வாட், மற்றது 100 வாட். இரண்டும் 230 வோல்ட்டுக்கு உரியவை. இவற்றைத் தொடரிணைப்பில் பொருத்தி 230 வோல்ட் மின்சாரம் செலுத்தினால் எது மிகுதியாக ஒளிரும்? இவ்வினாவிற்கு நம் மாணவ நண்பர்களுள் பலர், சற்றும் தயங்காது, "நூறு வாட் விளக்கே" என்பர். ஆனால் ஆய்வுக்கூடத்தில் காண்பதோ வேறு. 40 வாட் விளக்கு நன்கு ஒளிரும். 100 வாட் விளக்கின் இழையோ மங்கலாகச் சிவந்து நிற்கும். இதன் காரணம் யாது?

விளக்கின் மீது பொறித்துள்ள வாட் அளவு, அதற்கு 230 வோல்ட் முழுமையாகக் கிடைக்கும்போது மட்டுமே பொருந்தும். எனவே வாட்டை விடுத்து மின்தடையை நோக்குவோம். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்திறனால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். அவ்வாறு கணக்கிட்டால், 40 வாட் விளக்கின் மின்தடை 1,322.5 ஓம், 100 வாட் விளக்கின் மின்தடை 529 ஓம். வாட் குறைந்த விளக்கிற்கே தடை மிகுதி என்பதை இங்கு மனத்திற் கொள்ள வேண்டும்.

தொடரிணைப்பில் இரண்டின் வழியாகவும் ஒரே மின்னோட்டமே பாய்கிறது. மொத்தத் தடை 1,851.5 ஓம் ஆதலால், ஓம் விதிப்படி மின்னோட்டம் ஏறத்தாழ 0.124 ஆம்பியர். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால், 40 வாட் விளக்கு சுமார் 20 வாட்டும், 100 வாட் விளக்கு சுமார் 8 வாட்டும் பெறுகின்றன. இக்கணக்கில் தடை மாறாதது எனக் கொண்டோம். உண்மையில் டங்ஸ்டன் குளிர்ந்தால் அதன் தடை குறையும். 100 வாட் விளக்கின் இழை அதிகம் சூடேறாததால் அதன் தடை மேலும் குறைந்து, அதன் பங்கும் இன்னும் சுருங்கிவிடுகிறது.

பக்க இணைப்பில் நிலைமை வேறு. ஒவ்வொரு விளக்கும் 230 வோல்ட்டை முழுமையாகப் பெறுகிறது. தடை குறைந்த 100 வாட் விளக்கில் 0.43 ஆம்பியரும், மற்றதில் 0.17 ஆம்பியரும் பாயும். ஆகவே இங்கு நூறு வாட் விளக்கே வெல்கிறது.

திருவிழாப் பந்தலில் 6 வோல்ட் சிறு பல்புகள் 38-ஐத் தொடராகக் கோத்து, வீட்டு மின்சாரத்திலேயே எரிய விடலாம். ஆனால் ஒன்றன் இழை அறுந்தால் வரிசை முழுவதும் அணையும். வீட்டிற்கு இம்முறை உதவாது. 1882-இல் நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் மின்நிலையம் அமைத்த எடிசனும் பக்க இணைப்பையே கையாண்டார்.

எனினும் பக்க இணைப்பில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒவ்வொரு கருவியைச் சேர்க்கும்போதும் மொத்தத் தடை குறைந்து, முதன்மைக் கம்பியில் மின்னோட்டம் ஏறுகிறது. 2,000 வாட் வெந்நீர்க் கருவி ஒன்றே 8.7 ஆம்பியர் கொள்ளும். அளவு மீறினால் உருகி அறுந்து நம்மைக் காப்பது பியூஸ் கம்பி. அதற்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவது தீயை அழைப்பதாகும்.

இன்று வீடுகளில் பெருகியுள்ள எல்.இ.டி. விளக்குகளுள் மின்னணுச் சுற்று இருப்பதால் மேற்கண்ட தொடரிணைப்புக் கணக்கு அவற்றிற்குப் பொருந்தாது. ஆயினும் பொருளின் மீது எழுதியுள்ள எண்ணை மட்டும் நம்பாமல், அது எந்நிலையில் உண்மையாகும் என்று வினவும் பழக்கம் இயற்பியல் பயில்வோர்க்கு என்றும் வேண்டுவதாகும்.